மாஸ்டருக்காக ஒரு 2003

(2014-க்கு முன் எழுதிய கடிதம்)

அன்புள்ள ராகவா,

பதில் போடாமல் இழுத்தடித்ததற்கு நீ எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் நலம். பெரியவள் பத்தாம் வகுப்பு. அவளைவிட அவள் அம்மாதான் விழுந்து விழுந்து படிக்கிறாள். நம் கூட்டாளி ஸ்டென்சிலுக்கு மறுபடியும் பெண் பார்க்கிறார்கள். சிரிக்காதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடைக் கணினியில் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2003, 2010 இரண்டு பதிப்புகளும் ஓடுகின்றன. "பழசைத் தூக்கிப் போட்டுத் தொலைடா" என்று எழுதியிருந்தாயே, முடியாது. மாஸ்டர் இருக்கிறார்.

இன்றும் காலையில் வந்து கிரயப் பத்திரம் அடிக்கிறார். வேர்ட் 2003-இல் அவரே செய்து வைத்த டூல்பார் உனக்கு மறந்திருக்காது. ஒரு பட்டனைத் தட்டினால் எழுதி வாங்குபவர், அடுத்ததைத் தட்டினால் செக்குபந்தி (நிலத்தின் எல்லை விவரம்) நாலு பக்கமும் வந்து விழும், கடைசியில் சாட்சிகள். அந்த டூல்பார் உள்ள டெம்ப்ளேட்டை (மாதிரிக் கோப்பை) 2010-இல் திறந்தால் பட்டன்கள் எல்லாம் 'ஆட்-இன்ஸ்' என்ற மூலைக்குப் போய்விடுகின்றன. நமக்கு ஒரு கிளிக் கூடுதல், அவ்வளவுதான். அவருக்கு வலது கண்ணில் புரை. பட்டனைப் பார்த்து அழுத்துவதில்லை, இடம் பார்த்து அழுத்துகிறார்.

அப்புறம் 2010 எதற்கு என்பாய். கல்லூரிப் பையன்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை டாக்எக்ஸ் (.docx) என்ற புது வேர்ட் கோப்பாகக் கொண்டு வருகிறார்கள். புதுக் கோப்பைப் பழைய வேர்டில் திறக்க உதவும் இலவச கம்பாட்டிபிலிட்டி பேக் போட்டால் 2003-இலும் திறக்கும்தான். ஆனால் சமன்பாடெல்லாம் படமாகி நிற்கும், ஒரு எழுத்தைத் திருத்த முடியாது.

உன் ஆபீசிலும் இதைச் செய்யப் போகிறாய் என்றால் கேட்டுக்கொள். முதலில் பழையது, அப்புறம் புதியது. 2010-ஐ ஏற்றும்போது 'அப்கிரேட்' பட்டனைத் தொட்டுவிடாதே, பழசைத் துடைத்துவிடும். 'கஸ்டமைஸ்' போய், முந்தைய பதிப்புகளை அப்படியே வைத்திரு என்பதைத் தேர்ந்தெடு. 2010-இல் 64 பிட் வகை வேண்டாம். 2003 போல 32 பிட் ஆபீஸ் இருக்கும் கணினியில் அது ஏறாது. வேர்டும் எக்ஸெலும் இரண்டிரண்டு இருக்கலாம். அவுட்லுக் மட்டும் ஒரே உறையில் இரண்டு கத்தி, நடக்காது.

ஏற்றிய பிறகுதான் கூத்து. 2003-ஐத் திறந்து மூடிவிட்டு 2010-ஐத் திறந்தால் 'கான்ஃபிகரிங்' என்று ஒரு பட்டை வந்து உட்கார்ந்துகொள்கிறது. வேர்ட் கோப்பு எனக்குத்தான் சொந்தம் என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பதிந்துகொள்கிறதாம். வாடிக்கையாளர் நிற்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இதற்கு மருந்து ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் இடத்தில், இருக்கிறது: ஆபீஸுக்குக் கீழே 14.0, அதற்குள் வேர்ட், அதற்குள் ஆப்ஷன்ஸ். அங்கே 'நோ ரீ ரெஜ்' (NoReReg) என்று இடைவெளி விடாமல் ஒரு டீவேர்டு (DWORD என்ற எண் மதிப்பு) உருவாக்கி 1 போடு. 14.0 என்பது ஆபீஸின் உள் பதிப்பு எண்: 2007-க்கு 12, 2010-க்கு நேரே 14. பதின்மூன்று ஆகாதாம்! நம் மாஸ்டர் ராகுகாலம் பார்த்ததற்கு நாம் எவ்வளவு கேலி செய்தோம்.

டபுள் கிளிக்கை நம்பாதே, எதில் திறக்கும் என்று சொல்ல முடியாது. விண்டோஸ் 'ரன்' பெட்டியில் 'ஷெல்:சென்ட்டூ' (shell:sendto) என்று அடித்தால் ஒரு ஃபோல்டர் திறக்கும். அதில் இரண்டு வேர்டுக்கும் ஷார்ட்கட் போட்டுவிட்டேன். வலது கிளிக், 'சென்ட் டூ', வேண்டியதைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். 2003-இன் அமைப்புகள் நார்மல்.டாட் (Normal.dot) என்ற கோப்பில், 2010-க்கு நார்மல்.டாட்எம் (Normal.dotm). அதனால் மாஸ்டரின் டூல்பாருக்குச் சேதம் இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு. 2014 ஏப்ரல் 8-ஓடு 2003-க்குப் பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்றுவிடும். மாஸ்டரிடம் மெல்லச் சொன்னேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்போ எனக்கு எழுபத்தஞ்சு. போதும்டா" என்றார், செக்குபந்தி பட்டனைத் தட்டினார். எனக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. "கடைக்குப் போகாதே" என்று அவர் மகன் தினமும் சத்தம் போடுகிறானாம். வீட்டில் உட்கார வைத்தால் மனுஷன் என்ன ஆவார், சொல். அந்தத் தேதி தாண்டினால் அவருக்கென்று ஒரு பழைய பெட்டியை ஒதுக்கி, இணைய ஒயரைப் பிடுங்கிவிட்டு 2003-ஐ மட்டும் போட்டுக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். பென்டிரைவில் வைரஸ் வரும் என்பாய். அதற்கும் ஒரு வழி யோசித்து எழுது, நீதானே பெரிய கில்லாடி.

பொங்கலுக்கு வரும்போது உன் 2003 சிடியைத் தேடி எடுத்து வா. எங்களுடையது கீறல் விழுந்து பாதியில் நிற்கிறது. இருபத்தைந்து எழுத்துச் சாவி எங்களுடையதே பத்திரமாக இருக்கிறது, தட்டு மட்டும் போதும். நீ வருவதாக மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன், ஏமாற்றாதே.

உன்,
செல்வம்