"இன்னும் சாதகம் பண்ணணும்" என்று சொல்லி அனுப்பாதீர்கள்

அன்புள்ள டீச்சர்,

எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் பாட்டில் ஸ்ருதி சேராத உங்கள் மாணவனின் பெற்றோர் "அரங்கேற்றம் எப்போ?" என்று கேட்டால், "வீட்டில் இன்னும் சாதகம் பண்ணணும்", அதாவது பாடிப் பழகணும், என்று சமாளிக்கத்தான் தோன்றும். பாட்டு வாத்தியார்கள் எல்லோரும் கைவசம் வைத்திருக்கும் பதில் அது. வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பிள்ளை சோம்பேறி. அரை மணி சாதகம் ஒரு மணியாகும், திட்டும் கூடும், ஸ்ருதி மட்டும் சேராது.

அவர்களைக் கூப்பிடும் முன் கோளாறு எங்கே என்று பார்த்துவிடுங்கள். தம்பூராவைப் போட்டு இரண்டிரண்டு ஸ்வரமாகப் பாடி, "ரெண்டும் ஒண்ணா, வேறயா?" என்று கேளுங்கள். முதலில் தள்ளித் தள்ளி இருக்கும் ஸட்ஜமும் (ஸ) பஞ்சமமும் (ப), பிறகு ஒட்டி இருக்கும் ஸட்ஜமும் சுத்த ரிஷபமும் (ரி); நடுநடுவே ஒரே ஸ்வரத்தை இரண்டு தடவை. சரியாகச் சொல்கிறான், பாடத்தான் வரவில்லை என்றால் குரல் இன்னும் பழகவில்லை. நாளாகும், வழி உண்டு. சொல்லவே தெரியவில்லை என்றால் முதலில் காதுப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். 12, 13 வயதென்றால் குரல் உடைகிறதா என்றும் கவனியுங்கள். 5 கட்டையில் (கட்டை என்பது பாடும் ஸ்ருதியின் உயரம்) பாடிய பையனை அதே 5-இல் பிடித்து வைத்தால் மேல் ஸட்ஜம் பிசிறத்தான் செய்யும். அதற்குக் கட்டையை இறக்க வேண்டும், பெற்றோரைக் கூப்பிட வேண்டியதில்லை.

இத்தனைக்குப் பிறகும் நகரவில்லை என்றால் பேசுங்கள். பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு வேண்டாம், வாசலில் செருப்பு மாட்டும்போதும் வேண்டாம். ஒரே அலங்காரத்தை (தாளத்தோடு பாடும் ஸ்வரப் பயிற்சி) ஒரே கட்டையில் மூன்று மாத இடைவெளியில் போனில் பதிவு செய்து, இரண்டையும் போட்டுக் காட்டுங்கள். "ஞானம் போதாது" என்றால் சண்டைக்கு வருவார்கள். "இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், தாளம் நிற்காமல் முந்தி ஓடுகிறது, அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே இடத்தில்" என்றால் அவர்கள் காதிலேயே விழும்.

எது வரும் என்பதையும் சொல்லுங்கள்: கீதங்கள், சின்னக் கீர்த்தனைகள், கூட்டாகப் பாடுவது. நிரவல், கல்பனாஸ்வரம் என்று மேடையிலேயே கற்பனையாக விரித்துப் பாடும் கச்சேரியை எதிர்பார்க்க வேண்டாம் என்று வாய்விட்டே சொல்லிவிடுங்கள். "இப்போதைக்கு" என்ற சொல்லைச் சேர்க்காதீர்கள், அதை மட்டும்தான் பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்து, "அப்போ வயலின் போடலாமா?" என்பார்கள். ஸ்ருதி பிடிபடாத பிள்ளைக்கு வயலின் கூடாது. அதில் மெட்டு (ஸ்வர இடத்தைக் காட்டும் குறுக்குப் பட்டை) கிடையாது, விரல் நிற்க வேண்டிய இடத்தைக் காதுதான் சொல்ல வேண்டும். வீணையில் மெட்டு உண்டு, ஆனால் கமகத்துக்கு (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதற்கு) தந்தியை இழுக்கும்போது அங்கேயும் காது வேண்டும். தாளம் கெட்டியாக இருந்தால் மிருதங்கத்தைச் சொல்லலாம். தாளமும் ஓடுகிறது என்றால் அதையும் சொல்லாதீர்கள்.