மின்செலவோடு காற்றையும் அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைமையான கட்டடங்களைப் புதுப்பிப்பது பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, மின்செலவு எவ்வளவு குறைந்தது என்பதை விரிவாகச் சொன்னது. ஆனால், அங்கே இருப்பவர்கள் எத்தகைய காற்றைச் சுவாசிக்கிறார்கள் என்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

உயர்ந்த கூரையும் கதவுக்கு மேலுள்ள காற்றுத் திறப்புகளும் அழகுக்காக மட்டும் வைக்கப்பட்டவை அல்ல. சூடான காற்று மேலேறி அவற்றின் வழியே வெளியேற, ஜன்னல் வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். சுவர் உறிஞ்சிய ஈரமும் சுண்ணாம்புப் பூச்சின் வழியே ஆவியாகிவிடும். புதுப்பிக்கும்போது ஃபால்ஸ் சீலிங் போட்டுத் திறப்புகளை அடைத்து, ஜன்னல்களை இரட்டைக் கண்ணாடியால் இறுக்கி, சுவருக்குச் சிமென்ட் பூசிப் பிளாஸ்டிக் பெயின்ட்டும் அடித்துவிட்டால் இந்த இரண்டு வழிகளும் ஒருசேர அடைபடுகின்றன. பிறகு பெயின்ட் கொப்பளித்து உதிர்கிறது. செங்கல்லில் உப்பு பூக்கிறது. சுவரை ஒட்டி நிற்கும் அலமாரியின் பின்புறம் கரும்பூஞ்சை படர்கிறது. பழி என்னவோ கொத்தனார் மேல்தான் விழுகிறது.

ஏசி இருக்கிறதே என்பார்கள். சாதாரண ஸ்பிளிட் ஏசி அறையிலுள்ள காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறதே தவிர, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. வெளியே பத்து லட்சத்தில் சுமார் 420 பங்காக இருக்கும் கார்பன் டை ஆக்சைடு, ஆள் நிறைந்த மூடிய அறையில் எளிதாக 1000-ஐத் தாண்டும். அறைக்காற்று நன்றாக இருக்க அந்த 1000-ஐத் தாண்டக்கூடாது என்னும் வரம்பை ஜெர்மன் சுகாதார அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858-லேயே முன்வைத்துவிட்டார். போதாக்குறைக்கு, புதிய பிளைவுட்டிலிருந்தும் பசையிலிருந்தும் கசியும் ஃபார்மால்டிஹைடு என்னும் நச்சு வாயுவும் அதே காற்றில் தங்குகிறது.

இடுக்குகளை அடைக்கவே கூடாது என்பதல்ல என் வாதம். கட்டுப்பாடின்றிக் கசியும் காற்று மின்சாரத்தை வீணாக்கும் என்பது உண்மை. வெளியே தூசியும் புகையும் மிகுந்த இடத்தில் ஜன்னலைத் திறந்து வைப்பதும் தீர்வாகாது. வெளியேறும் காற்றின் வெப்பத்தையோ குளிர்ச்சியையோ உள்ளே வரும் காற்றுக்கு மாற்றித் தரும் காற்றோட்டக் கருவிகள், வடிகட்டியுடனேயே கிடைக்கின்றன. பயன்படாத புகைபோக்கி இருந்தால், சுவரை உடைக்காமல் அதன் வழியாகவே குழாயைக் கொண்டுபோக முடியும். ஆனால் இதையெல்லாம் வரைபடம் போடும்போதே முடிவு செய்திருக்க வேண்டும். பூச்சு வேலை முடிந்தபின் நினைத்துப் பயனில்லை.

ஆகவே, இனி இத்தகைய கட்டடங்களைப் பற்றி எழுதும்போது, மின்கணக்குடன் ஆட்கள் நிறைந்திருக்கும் வேளையில் எடுத்த கார்பன் டை ஆக்சைடு அளவையும், மழைக்காலத்தில் எடுத்த ஈரப்பத அளவையும், புதுப்பிப்பதற்கு முன்னும் பின்னும் என்று பிரித்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்