குழந்தையைக் குளிப்பாட்டுவது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

அருப்புக்கோட்டைப் பக்கம் 31 ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் தெருவில் நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி, கிராமப் பயிற்சிக்குக் கொடுத்த படிவத்தைக் காட்டினாள். வருமானம், கழிப்பறை, குடிநீர், தடுப்பூசி எல்லாம் கேட்டிருந்தார்கள். இந்த வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டுவது யார் என்று மட்டும் கேட்கவில்லை.

எங்கள் பக்கம் பச்சிளம் பிள்ளையைத் தாய் குளிப்பாட்ட மாட்டாள். பாட்டியோ, தெருவில் கைப்பழக்கமுள்ள ஒரு கிழவியோ காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டு ஊற்றுவார். தொப்புள் ஈரமாக இருப்பதும், கண் மஞ்சளாவதும், தொடை இடுக்கில் கொப்புளம் போடுவதும் முதலில் தெரிவது அவருக்குத்தான். மூக்கில் எண்ணெய் விடுவதும் அவர்தான். அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். தாயிடம் எத்தனை முறை சொன்னாலும் நிற்காது. அது தாயின் கையில் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் இது புரியவில்லை. ஏழு மாதக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. "குடிக்கக் குடிக்கத்தானே போகுது" என்று பாட்டி தண்ணீரை நிறுத்திவிட்டு, சூடு தணிய உச்சியில் விளக்கெண்ணெய் வைத்திருந்தார். சத்தம் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் போனால் ஓஆர்எஸ் (தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்) பொட்டலம் பிரிக்காமல் மாடக்குழியில் கிடக்கிறது. அப்புறம் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, "உச்சிக்குழி எப்படி இருக்கு ஆத்தா?" என்றேன். "நேத்தே பள்ளமாயிருச்சு தாயி" என்றார். உடம்பில் நீர் வற்றியதை எனக்கு முன்பே அவர் விரல் கண்டிருக்கிறது! எண்ணெயை நான் துடைக்கவில்லை. "உள்ள தண்ணி வத்துனதாலதான் உச்சி இறங்கியிருக்கு" என்று சொல்லி, ஒரு லிட்டர் தண்ணீரில் பொட்டலத்தைக் கரைத்து, கரண்டியை அவரிடமே கொடுத்தேன். பிள்ளை ஆவலாகக் குடித்தது. (குடிக்காமல் கண் செருகியிருந்தால் அப்போதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கியிருப்பேன்.) பொழுது சாயும்வரை பாட்டி ஊட்டினார், இடையிடையே தாய்ப்பாலும் கொடுக்க வைத்தார். பிறகு அந்தத் தெருவில் எந்தப் பிள்ளைக்கு வயிற்றால் போனாலும் பொட்டலம் கேட்டு அவரே ஆள் அனுப்புவார். மூக்கில் எண்ணெய் விடுவதை நிறுத்தத்தான் இரண்டு வருடம் ஆனது.

அதேபோல வாசலில் வேப்பிலை சொருகியிருந்தால் உள்ளே அம்மை. "யாருக்குக் காய்ச்சல்?" என்றால் பதில் வராது. "அம்மா யாருக்கு வந்திருக்கா?" என்றால் உள்ளே கூப்பிடுவார்கள். மணல்வாரி (தட்டம்மை) என்றால் வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும், மற்ற பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைப் பார்க்க வேண்டும். வாசலிலேயே திரும்பி வந்தால் எதுவும் நடக்காது.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. என் பகுதியில் குளிப்பாட்டுகிறவர்கள் 40 பேர்கூட இருக்க மாட்டார்கள். மாற்றலில் வரும் செவிலியரிடம் பதிவேட்டை ஒப்படைத்து அன்றே அனுப்பிவிடுகிறார்கள். பழைய செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் கூடவே போய், இந்த 40 வீட்டுத் திண்ணைகளிலும் அவரை உட்கார வைக்கட்டும். நர்சிங் கல்லூரிகள் அந்தப் படிவத்தில் இந்த ஒரு கேள்வியைச் சேர்க்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
விருதுநகர் மாவட்டம்.