புது ரீவியின் படத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றுவது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

ரீவி வாங்கி ஒரு கிழமைக்குள் "முகமெல்லாம் சிவந்து கிடக்கு, பனல் பழுது போல" என்று வருபவர்கள் அநேகர். பெரும்பாலும் பனலில் ஒரு குறையும் இருக்காது. கடைக்கென்று இருக்கும் 'ஸ்ரோர் மோட்' மாற்றப்படாமல் வீட்டுக்கு வந்திருக்கும். ரியூப் லைற் வெளிச்சத்தில், பக்கத்து ரீவிகளுக்கு நடுவில் எடுபடுவதற்காக உள்ள அமைப்பு அது. செற்றிங்கில் முதலில் அதை 'ஹோம் மோட்' ஆக்குங்கள். அதைச் செய்யாமல் எதை மாற்றினாலும் கொஞ்ச நேரத்தில் பழையபடி போய்விடும்.

அடுத்தது 'பிக்சர் மோட்'. 'விவிட்', 'டைனமிக்' வேண்டாம். 'சினிமா', 'மூவி', 'பிலிம்மேக்கர்' இவற்றில் உள்ளதை எடுங்கள். முதல் நாள் மஞ்சளாகத்தான் தெரியும். நிகழ்ச்சி தயாரிப்பவர்கள் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளையை வைத்தே நிறம் பார்க்கிறார்கள். 'கலர் ரெம்பரேச்சரில்' 'வார்ம்' அதற்குக் கிட்டவாக இருக்கும். இரண்டு மூன்று நாளில் கண் பழகிவிடும்.

சரிபார்க்க நல்லூர்த் திருவிழா நேரடி ஒளிபரப்பைப் போல வசதி வேறில்லை. மேலாடையின்றி வேட்டியோடு நிற்கும் அடியார்களை வடிவாகப் பாருங்கள். வேட்டி, நீலம் கூடப் போட்டுத் தோய்த்தது போலிருந்தால் 'கலர் ரெம்பரேச்சர்' இன்னும் 'கூல்' பக்கம் நிற்கிறது. வேட்டியின் மடிப்புகள் மறைந்து ஒரே வெள்ளையாய்த் தெரிந்தால் 'கொன்ராஸ்ற்' கூடிவிட்டது. தோல் செங்கல் நிறத்தில் இருந்தால் 'கலரை' ஐந்து ஐந்தாகக் குறையுங்கள். இரவுக் காட்சியில் தலைமயிர் இருட்டோடு ஒன்றாகிப் போனால் 'பிறைற்னஸ்' குறைவு. இருட்டே சாம்பலாய் வெளிறினால் அது கூடிவிட்டது. ஆனால் சோனியின் புதிய மாடல்களில் 'பிறைற்னஸ்' என்பது பாக்லைற், அதாவது திரைக்குப் பின்னால் உள்ள விளக்கின் வெளிச்சம். கருமையை மாற்ற 'பிளக் லெவல்' என்று தனியாக உண்டு.

'ஷார்ப்னஸ்' கூட்டினால் படம் தெளியாது. எழுத்துகளையும் முகங்களையும் சுற்றி ஒரு வெள்ளைக் கோடுதான் வரும். அந்தக் கோடு மறையும் வரை குறையுங்கள். ஆனால் சோனியில் 50 தான் நடுநிலை, அதற்குக் கீழே போனால் படம் மங்கும்.

படம் நாடகம் போல வழுக்கிக்கொண்டு ஓடினால் எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃபுளோ' என்பதை நிறுத்துங்கள். செக்கனுக்கு 24 பிரேம் (தனிப்படம்) உள்ள சினிமாவில் இல்லாத பிரேம்களை ரீவி தானாகச் செருகுவதால் வருவது அது. கிரிக்கெட்டுக்கு விட்டுவைக்கலாம்.

செய்தியின் கீழ் ஓடும் வரி பாதி வெட்டுப்பட்டால் எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கான்', சோனியில் 'டிஸ்பிளே ஏரியா' பாருங்கள். பழைய படங்களில் முகம் அகன்று தெரிந்தால், ரீவியிலும் டிஷ் பொக்ஸிலும் படம் இழுபடுகிறதா என்று இரண்டையும் பாருங்கள். பல ரீவிகளில் பொக்ஸ் போன்றவற்றின் வயர் செருகும் ஒவ்வொரு எச்டிஎம்ஐக்கும் செற்றிங் தனித்தனி. பொக்ஸுக்குச் செய்தது யூடியூப்பில் வராது.

கடைசியாகப் பாக்லைற். யன்னல் திறந்த விறாந்தையில் பகலில் கூட்டிவைக்கலாம், இரவில் பாதி போதும். செற்றிங்கில் 'பாக்லைற்' என்ற வரி மங்கி, மாற்ற முடியாமல் இருந்தால் 'எனேர்ஜி சேவிங்'கை நிறுத்திப் பாருங்கள். எந்நேரமும் 100 இல் விட்டால் உள்ளே உள்ள எல்ஈடி பட்டிகள் சூடேறி ஆயுள் குறையும். சத்தம் வந்து படம் இருண்டு கிடந்தால், அறையை இருட்டாக்கி ரோர்ச்சைத் திரையில் சரித்துப் பிடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பெரும்பாலும் பழுது பாக்லைற் பக்கம்தான், பனல் மாற்றத் தேவையில்லை. ரீவியைக் கொண்டுவாருங்கள், பட்டியைச் சோதித்து மாற்றித் தருவோம்.

நன்றி.
விற்பனை, திருத்தப் பகுதியினர்
யாழ்ப்பாணம்