உச்சரிப்பு உறுத்திய படம்

ஆசிரியருக்கு,

பிறமொழிப் படங்களின் வசூல் பற்றிய உங்கள் கட்டுரை, ஆங் லீ இயக்கிய 'க்ரவுச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்' (2000) என்ற மாண்டரின் சீன மொழி வாள்சண்டைப் படத்தைச் சீனர்களே ஒதுக்கிய படம் என்று ஒற்றை வரியில் தள்ளிவிட்டது. மனது கேட்கவில்லை, எழுதுகிறேன்.

ஆங்கில சப்டைட்டிலோடு ஓடியே அமெரிக்காவில் மட்டும் 12 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. நான்கு ஆஸ்கரும் வாங்கியது. சீனாவில் வரவேற்பு மந்தம்தான், சரி. ஏன் என்று பார்க்க வேண்டாமா? நாயகன் சௌ யுன் ஃபாட், மாண்டரின் அல்லாத கான்டனீஸ் என்ற வேறு சீன மொழி பேசும் ஹாங்காங்காரர். மலேசியாவின் ஈப்போவில் பிறந்த நாயகி மிஷெல் யோவுக்கு மாண்டரின் சரளமாக வராது. வசனங்களை ஒலியாகவே மனப்பாடம் செய்து பேசினார். அந்த உச்சரிப்பு சீன ரசிகர்கள் காதில் உறுத்தியது. சப்டைட்டில் படித்தவர்களுக்கு அது தெரியவே இல்லை. அப்புறம், வாள்சண்டைப் படங்களிலேயே வளர்ந்தவர்களுக்கு ஆள் பறப்பதெல்லாம் பழைய சங்கதி.

ஆனாலும் அந்த மூங்கில் காட்டுச் சண்டை! மெல்லிய கிளை வளைந்து ஆட, அதன்மேல் சௌ யுன் ஃபாட் பதறாமல் நிற்பார். அதை எடுத்த ஒளிப்பதிவாளர் பீட்டர் பாவுக்குக் கிடைத்த ஆஸ்கர் முழுக்கத் தகுதியானது. இந்தப் படத்துக்காகவே தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள்.

- ஒரு வாசகர்