கருவையை ஒரே நாளில் எடுக்க முடியாது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். பெங்களூரில் பனி அதிகம் என்றாய், காலையில் தலைக்குத் துண்டு கட்டாமல் வண்டியில் போகாதே.

நம் காட்டு நிலத்தில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவை முள்மரத்தைப் பற்றிப் பேசும்போது, "ஜேசிபி விட்டு மொத்தக் காட்டையும் ஒரே நாளில் சுத்தம் பண்ணிடலாம், பணம் நான் தர்றேன்" என்று நீ சொன்னதற்குப் போனில் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஜேசிபியே கூடாது என்பதில்லை. கண்மாய்க் கரையை ஒட்டி நிற்கும் பெரிய மரங்களின் தூரை ஆள் வைத்துத் தோண்ட முடியாது, அதற்கு வண்டி வரட்டும். மீதி நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும்.

சீமைக்கருவையை மேலாக வெட்டினால், வெட்டிய தூரிலிருந்து பத்துக் கிளை வெடிக்கும். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னபோது நம் ஊரிலும் வெட்டினார்கள். வேரை விட்ட இடங்களில் இன்று முன்னைவிட அடர்ந்து நிற்கிறது. மண்ணுக்குக் கீழே ஓரடி வரை தோண்டி, தூரோடு எடுத்தால்தான் மறுபடி தழையாது. ஐப்பசி, கார்த்திகை மழை குடித்த கரிசல் இப்போது கடப்பாரைக்கு இளகிக் கொடுக்கிறது. மாசி பிறந்தால் வெடித்துக் கல்லாகிவிடும். அதனால்தான் மார்கழிக் குளிரிலும் விடிந்ததும் ஆட்களோடு காட்டில் நிற்கிறேன். ஒருவர் கவைக்கம்பால் முள்ளை ஒதுக்கிப் பிடிக்க, இன்னொருவர் வெட்ட வேண்டும். அந்த முள் ரப்பர் செருப்பையும் துளைத்துவிடும், குத்திய இடம் வீங்கி நாலு நாள் வலிக்கும்.

இன்னொரு காரணம், அந்தப் புதருக்குள் எல்லாமே கருவை இல்லை. நாட்டுக்கருவேலம், உடை, மஞ்சநத்தி, தாத்தா ஊன்றிய விதையில் வந்த பனங்கன்றுகள் எல்லாம் உள்ளே மறைந்திருக்கின்றன. நேற்றுகூட ஒரு நாட்டுக்கருவேலங் கன்றை வெட்டப்போன ஆளை நிறுத்தினேன். அதற்கு முள் வெள்ளையாக நீளமாக இருக்கும், பூ மஞ்சள் உருண்டை, காய் விதைக்கு விதை இடுங்கியிருக்கும். சீமைக்கருவைக்குப் பூ நீட்டுக் கதிராக வரும், காயும் இடுங்காமல் நீளும். வண்டி இதையெல்லாம் பார்க்காது. வரப்பையும் சேர்த்து வழித்துவிடும். வரப்பு போனால் அடுத்த மழை நம் நிலத்தில் நிற்காது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டவெளியாக்கினால் வெயில் பட்டு, மண்ணில் கிடக்கும் கருவை விதை அத்தனையும் முளைக்கும். அதனால் கிணற்றுத் தண்ணீர் எட்டுகிற அளவுக்கே எடுத்து, உடனே தட்டைப்பயறு தூவிவிடுகிறேன். பயறுக்கு இடையில் தலைகாட்டும் கருவைக் கன்றுகளை ஈரத்திலேயே கையால் பிடுங்கிவிடலாம். எருவுக்கு ஆடுகளை ராத்திரியில் நிலத்திலேயே அடைத்துக் கிடை போடச் சொல்கிறார் பக்கத்துக் காட்டுக்காரர். கருவைக்காய் தின்ற ஆடு புழுக்கையோடு விதையையும் போடும். காய் உதிரும் காலத்தில் கிடை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கௌதாரியும் கீரியும் ஒதுங்க வடமேற்கு மூலைப் புதரை மட்டும் இப்போதைக்கு விட்டுவைத்திருக்கிறேன். அங்கே நாட்டு மரம் தலையெடுத்த பிறகு அந்தக் கருவையையும் எடுக்கலாம்.

அப்புறம், வீட்டுக்குப் பின்னால் தோட்டம் நன்றாக இருக்கிறது. ஆடியில் ஊன்றிய அவரை பந்தல் நிறையப் பூத்துக் காய்க்கிறது. ஆனால் பனி விழ விழ அசுவினிப் பூச்சி வந்துவிட்டது. கொழுந்துத் தண்டில் கறுப்பாக அப்பிக்கொண்டு, இலை சுருண்டு பிசுபிசுக்கிறது. எறும்பு வரிசையாக ஏறினாலே அசுவினி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ரொம்ப அப்பிய நுனியைக் கிள்ளிப் போட்டுவிட்டு, மீதியில் பனி காய்வதற்குள் சலித்த அடுப்புச் சாம்பலைத் தூவுகிறேன். ஈரத்தில் சாம்பல் நன்றாக ஒட்டிக்கொள்கிறது. அந்தச் சாம்பலும் வெட்டிய கருவை விறகில் வந்ததுதான். அதற்கும் கேட்காவிட்டால் வேப்பங்கொட்டைக் கரைசல் இருக்கிறது.

கோலத்துக்குப் பூசணிப்பூ கேட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். அடியில் பிஞ்சு இல்லாத ஆண்பூவாகப் பார்த்து நானே பறித்துக் கொடுக்கிறேன். முண்டு மிளகாய் பூவெடுத்திருக்கிறது. நம் இராமநாதபுரம் முண்டுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பேப்பரில் படித்துக் காட்டியவள் நீதானே. கருவை எடுத்த இடத்தில் அடுத்த புரட்டாசிக்கு அதையே இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடலாம் என்று நினைக்கிறேன்.

ஜேசிபிக்கென்று நீ ஒதுக்கிய பணத்தில் பாதி போதும், கரை ஓர மரங்களுக்கு. மீதியில் கிழக்கு வரப்பை உயர்த்திப் போட வேண்டும், அது பல இடத்தில் உடைந்து கிடக்கிறது. உனக்குச் சரி என்றால் சொல், தை பிறந்ததும் ஆள் பேசிவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா