ஓடாத குதிரை, ஓடும் குதிரை

கொழிஞ்சாம்பாறை,
மார்ச் 9

அன்புள்ள துரைசாமிக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. கோபித்துக்கொள்ளாதே, வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இப்போது ஒரு வேடிக்கை. வலது கண்ணால் பார்த்தால் வீட்டுச் சுவர் வெள்ளை, இடது கண்ணால் பார்த்தால் மஞ்சள். இத்தனை வருஷம் என்ன கலரைக் கலந்து எந்த நடிகையின் கன்னத்தில் பூசினேனோ, அந்தப் பகவதிக்குத்தான் தெரியும்.

உன் பேரன் கேட்டானாமே, "அசையாத படத்தை யாரு தாத்தா பார்ப்பாங்க?" என்று. நீ பேச்சை மாற்றிவிட்டாய். எனக்கோ இரண்டு நாள் தூக்கம் போயிற்று. மூன்று மணி நேர சினிமாவை ஒரே பேனர் துணியில் வரைந்து நிறுத்துவதுதானே நம் பிழைப்பு!

அந்தச் சரித்திரப் படத்துக்கு நீ வரைந்த குதிரை ஞாபகம் இருக்கிறதா? முன்னங்கால் இரண்டும் முன்னால், பின்னங்கால் இரண்டும் பின்னால், வயிறு தரையில் தேயாத குறை. போன மாதம் பேத்தி போனில் ஒன்று காட்டினாள். 1878-ல் அமெரிக்காவில் மைபிரிட்ஜ் என்பவர் கேமராக்களை வரிசையாக வைத்து, ஓடுகிற குதிரையைப் படம் பிடித்திருக்கிறார். நாலு காலும் அந்தரத்தில் இருக்கிற கணம் ஒன்று உண்டு, வாஸ்தவம். ஆனால் அப்போது கால்கள் வயிற்றுக்கு அடியில் மடங்கிக் கிடக்கின்றன, நீண்டிருக்கவில்லை. பிரெஞ்சு ஓவியர் ஜெரிகோ 1821-ல் வரைந்த எப்சம் பந்தயக் குதிரைகளையும் காட்டினாள். அச்சு அசல் உன் குதிரை! நீயும் அவரும் ஒரே தப்பைச் செய்திருக்கிறீர்கள்.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். போட்டோவில் இருப்பது கயிற்றில் தொங்குகிற குதிரை. ஜெரிகோவுடையது ஓடுகிறது. கிளம்பின காலும் இறங்கப்போகிற காலும் ஒரே உடம்பில் இருப்பதால் கண் தானாக மிச்சத்தை ஓட்டிக்கொள்கிறது. சிற்பி ரோதினும் ஓவியன் கட்சிதானாம். நிஜத்தில் காலம் நிற்பதே இல்லை, அதை நிறுத்திக் காட்டுகிற போட்டோதான் பொய் சொல்கிறது என்றாராம்.

நம் துணிகளும் சும்மாவா நின்றன? ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்தால் கதாநாயகன் கன்னம் உப்பும், அடங்கும். பழைய பேனரை வெள்ளையடித்துவிட்டு மேலே அடுத்த படத்தை எழுதுவோமே, ஒரு மழையில் வெள்ளை உரிந்து, பக்திப் படத்து முருகனின் தோளுக்கு மேல் போன தீபாவளிப் படத்து வில்லனின் மீசை எட்டிப் பார்த்தது. முதலாளி அரை நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார். இப்போது நினைத்தால், அந்த ஒரு துணியில் எட்டு மாதம் இருந்தது. பிளெக்ஸில் அது வராது, கிழியும், அவ்வளவுதான்.

போன வாரம் ஷொர்ணூர்ப் பக்கம் ஒரு பகவதி கோயிலுக்குத் தோல்பாவைக்கூத்து பார்க்கப் போனேன். சுற்றிலும் மலையாளம், திரைக்குப் பின்னால் கம்பன் பாட்டு. கூத்துக்கென்றே கட்டிய கூத்துமாடத்தில் நீளத் திரை, அதன் பின்னால் தேங்காய் மூடியில் எண்ணெய் ஊற்றி ஏற்றிய 21 விளக்குகள். நடுநிசிக்கு மேல் பார்க்க நான், இரண்டு பாட்டிகள், ஒரு நாய். ஆள் இல்லை என்று அவர்கள் நிறுத்துவதில்லை. தாரிகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்ததால் ராவண வதத்தைப் பகவதி பார்க்கவில்லையாம், கூத்து அவளுக்காக. நாமெல்லாம் ஓசி டிக்கெட்.

பாவையில் அசைவது பெரும்பாலும் ஒரு கைதான். முகம் வெட்டி வைத்தது வைத்தபடி. ஆனாலும் ஒரு காற்று வந்து சுடர்கள் சாய்ந்தபோது, தோலில் குத்திய துளைகளெல்லாம் மினுங்கி ராவணன் மூச்சு வாங்கினான். நான் பயந்தே போனேன், சிரிக்காதே. பாவையை ஆட்டுகிறவர் அந்த நேரம் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

களமெழுத்து இன்னொரு தினுசு. அரிசி மாவு, மஞ்சள், உமிக்கரி, இலைப்பொடி, மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்த சிவப்பு. மணிக்கணக்காகக் குனிந்து உட்கார்ந்து தரையில் காளியை எழுதுகிறார்கள், பூஜை முடிந்ததும் அழித்துவிடுகிறார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இப்போது எரிவதில்லை. எழுதினதையும் அழித்ததையும் சேர்த்துத்தான் அது ஒரு படம்.

பேரனுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்காதே, ஓடிவிடுவான். பரீட்சை முடிந்ததும் கூட்டிக்கொண்டு வா. கோபாலபுரம் வழியாக பஸ் இருக்கிறது. கூத்து சீசன் முடிவதற்குள் ஒரு ராத்திரி அவனைத் திரைக்கு முன்னால் ஒரு மணி நேரமும் பின்னால் ஒரு மணி நேரமும் நிறுத்துவோம்.

வரும்போது உன் இரண்டு இஞ்ச் பிரஷ்ஷை எடுத்து வா. முக்கு டீக்கடைக்காரர் ஷட்டரில் ஒரு குதிரை கேட்கிறார். காலை எங்கே வைப்பது என்று நீயே முடிவு பண்ணு.

உன்,
வேலு